ஒருத்திகூடப் பெண் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

என் பையை யாரோ தொட்டிருக்கிறார்கள். ஜிப்பை எப்போதும் ஒரு விரல் நுழையும் அளவு திறந்தே வைப்பேன். ஒத்திகை முடிந்து வந்து பார்த்தால் முழுக்க மூடியிருக்கிறது. எதுவும் காணாமல் போகவில்லை. ஊசி மருந்துக் குப்பி காலுறைக்குள் அப்படியே இருந்தது. காணாமல் போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், திருட்டு என்று விட்டுவிடலாம். எடுக்காமல் போனவன் பார்க்கத்தான் வந்திருக்கிறான்.

ஒப்பனை அறையில் நாங்கள் ஆறு பேர். எனக்குப் பக்கத்துக் கண்ணாடி மயிலுடையது. மயில் என்பது மேடைப் பெயர். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. அவன் என்னைப் பார்க்கிறான். நேராக இல்லை, கண்ணாடி வழியாக.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று கூட்டம் நிரம்பி வழிந்தது. திரை விலகுவதற்கு முன் அறிவிப்பாளர் வழக்கம்போல முழங்கினார்: "ஆறு அழகிகள் வர்றாங்க! ஆனா ஒருத்திகூடப் பொண்ணு இல்லை!" முந்நூறு பேர் கைதட்டினார்கள். சுவரொட்டியிலும் இதுதான் வாசகம்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இருபத்து மூன்று வருடம் பாவாடை கட்டி, பின்னல் போட்டு, "பொண்ணா லட்சணமா உட்காரு" என்று அப்பாவிடம் திட்டு வாங்கி வளர்ந்தேன். நான் பெண் இல்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், பள்ளியில் சொல்லியிருக்கிறேன், மருத்துவரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. இங்கே ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வரி காதில் விழும்போது சிரிப்பை அடக்க முடிவதில்லை.

இதற்கு நான் படும் பாட்டைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். நெஞ்சை இறுக்கும் பனியன் ஒன்று. அதன் மேல் பஞ்சு வைத்துத் தைத்த பொய் மார்பு. உள்ளே இருப்பதை அமுக்கிவிட்டு, அதே இடத்தில் இல்லாததை வைத்துக் கட்டுகிறேன். இங்கே சேருவதற்கு முன்பிருந்தே ஊசி போட்டு முளைத்த மீசையை வெள்ளிக்கிழமை தோறும் மழிக்கிறேன். இங்கே எல்லோருக்கும் நான் பெண் வேடம் போடும் ஓர் ஆம்பளை. அவ்வளவுதான். அது அப்படியே இருக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

முதலாளி புது உத்தரவு போட்டுவிட்டார்.

இதுவரை கடைசிப் பாட்டு முடிந்ததும் விக்கைக் கழற்றி வணக்கம் சொல்வோம். அடுத்த மாதத்திலிருந்து ரவிக்கையையும் கழற்றி வெற்று மார்போடு நிற்க வேண்டுமாம். "சனங்களுக்கு அத்தாட்சி வேணும்டா" என்கிறார்.

ஆறு வருடமாக வேண்டாத அத்தாட்சி இப்போது எதற்கு? பையைத் திறந்து பார்த்த அதே வாரத்தில்? யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். ஆறு பேரையும் கழற்றச் சொல்வது சும்மா ஒரு போர்வை. குறி நான்தான்.

மார்ச் 11, செவ்வாய்

தங்கை பேசினாள். "அண்ணா" என்று சொல்வதற்கு முன் அரை நொடி தயங்கினாள். "அக்" என்று தொடங்கினாளா? கேட்டேன். "இருமல்ணா! உனக்கு இப்பல்லாம் இருமினாலும் சந்தேகம். பேசாம அந்த வேலையை விட்டுட்டு வந்துடு."

விட்டுவிட்டு எங்கே வருவது? வீட்டு ஆல்பத்தில் இன்னும் பின்னலோடுதான் இருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி செய்தேன். மார்பை ஏன் காட்ட முடியாது என்பதற்கு மூன்று பேரிடம் மூன்று கதை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

தையல்கார அண்ணனிடம்: நெஞ்செல்லாம் படை.
அறிவிப்பாளரிடம்: சின்ன வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு.
மயிலிடம்: பழைய காதலி பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன், இப்போது அவள் இன்னொருவன் மனைவி.

எந்தக் கதை முதலாளி வாயிலிருந்து வருகிறதோ, அந்த ஆள்தான் ஒற்றன்.

அறிவிப்பாளர் "அடப் பாவமே" என்றார். தையல்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மயில் மட்டும் என்னையே பார்த்தான். "காட்ட இஷ்டமில்லைன்னா காட்டாதே. அதுக்கு ஏன் காரணம் சொல்றே?" என்றான். அது என்ன பேச்சு? நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தவன் பேசுகிற பேச்சு இல்லையா?

மார்ச் 14, வெள்ளி

முதலாளி என்னை வழிமறித்தார். "ஏன்டா, வெந்நீர் கொட்டின இடத்துலயா படை வந்திருக்கு? நல்ல டாக்டரா பாரு. உன்னை மட்டும் ரவிக்கையோட விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்."

இரண்டு கதை இரண்டே நாளில் போய்ச் சேர்ந்து ஒன்றாகியும் விட்டது! அந்த இரண்டு பேரும் ஓட்டை வாய்கள், இரக்கப்பட்டு உளறியிருக்கிறார்கள். விட்டுத் தள்ளலாம். ஆனால் காதலி கதை மட்டும் வெளியே வரவில்லை. மயில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதுதான் உறுத்துகிறது. ஊமை ஊரைக் கெடுக்கும். ஒரு ரகசியத்தை இரண்டு நாள் வாய்க்குள் வைத்திருக்கத் தெரிந்தவனுக்குப் பெரிய ரகசியத்தை நேரம் பார்த்து எடுத்துவிடவும் தெரியும்.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லோருக்கும் முன்பே வந்து, கழிப்பறைக்குள் தாழ் போட்டு, முழு உடையோடுதான் வெளியே வருகிறான். அப்படி யார் செய்வார்கள்?

(என்னைத் தவிர.)

மார்ச் 17, திங்கள்

முதலாளி ஒவ்வொருவரையும் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். என் முறை வந்தது. விஷயம் இதுதான். முன் மேசையில் எப்போதும் உட்காரும் டயர் வியாபாரி பந்தயம் கட்டியிருக்கிறார். ஆறு பேரில் ஒருத்தி நிஜமாகவே பெண் என்கிறாராம். அவர் ஜெயித்தால் முன் மேசை ஒரு வருடம் அவருக்கு இலவசம். தோற்றால் அவருடைய கைக்கடிகாரம் முதலாளிக்கு.

"யாரைச் சொல்றார், சார்?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்ல மாட்டேங்கிறான். நீ ஆறு வருஷம் உள்ளேயே கிடக்கிற ஆளு. உனக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். சும்மா இருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

"மயில் ஏன் யார் முன்னாடியும் உடை மாத்துறதில்லைன்னு கேட்டுப் பாருங்க."

"நீயும்தான்டா மாத்துறதில்லை."

"எனக்குத் தழும்பு, சார்."

தலையாட்டினார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லியிருக்க வேண்டாமோ? இல்லை, நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. அவன் ஆம்பளை. சட்டையைத் தூக்கிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவனுக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 19, புதன்

காட்டவில்லை.

டயர் வியாபாரியை உட்காரவைத்துக்கொண்டு, அவர் முன்னாலேயே ரவிக்கையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார் முதலாளி. மயில் மாட்டேன் என்றிருக்கிறாள். "நான் பொண்ணுதான். அவர் ஜெயிச்சுட்டார்னு வச்சுக்கோங்க, சார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளி ஒப்பனை அறைக்கே வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். "பொறந்தது என்னவோ பையனாத்தானாம். பொண்ணா மாற நாலு வருஷமா மாத்திரை சாப்பிடுதாம். இதுல யாருக்குடா பந்தயம்? அந்த ஆளு மேசையைக் கேக்கிறான், நான் கடிகாரத்தைக் கேக்கிறேன்!" நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான்.

இந்தக் குறிப்பின் முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். எங்கே பார்த்தாலும் அவன், அவன், அவன். அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். எழுதினது நான்தான், கிடக்கட்டும்.

மார்ச் 20, வியாழன்

தையல்கார அண்ணனிடம் பேச்சோடு பேச்சாகப் பையைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? அன்னிக்குக் கரப்பான் ஓடிச்சு. எல்லார் பையையும் நான்தான் இழுத்து மூடினேன். ஏன், ஜிப் போயிடுச்சா?"

கரப்பான் பூச்சி! இரண்டு வாரம் தூங்காமல் ஒற்றனைத் தேடியிருக்கிறேன்.

அவர் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "பாவம், அந்தப் பொண்ணு. அந்த அறிவிப்பு வரும்போதெல்லாம் திரைக்குப் பின்னாடி காதைப் பொத்திக்கும். சத்தம் பிடிக்காது போலன்னு நெனச்சேன்."

எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். ஆறு வருடத்தில் மூன்று வருடம். அந்த வரியில் நான் குளிர் காய்ந்தேன், அவள் அதே வரியில் வெந்திருக்கிறாள். நான் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தேனா?

மார்ச் 23, ஞாயிறு

நேற்று ஐந்து அழகிகள். ரவிக்கை கழற்றும் திட்டத்தை முதலாளி கைவிட்டுவிட்டார். ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி அத்தாட்சி எதற்கு? நான் தப்பித்துவிட்டேன். அவள் போனதால் தப்பித்தேன்.

அறிவிப்பு வந்தது. சிரிப்பு வரவில்லை. பாட்டில் இரண்டு இடம் தவறவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

முதலாளியிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: "சார், பொண்ணாப் பொறந்தது நான்தான். ஊசி போட்டுத்தான் இந்தக் குரல், இந்த மீசை. மயிலைத் திரும்பக் கூப்பிடுங்க. அனுப்புறதா இருந்தா என்னையும் அனுப்புங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"போடா டேய்! அவ மேல உனக்கு ஒரு இது இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுக்காக இப்படியா அளப்பே? உன் தோளையும் நடையையும் பார்த்து எவன்டா நம்புவான்? ஹீல்ஸ் போட்டா எருமை மாதிரி நடக்கிறே. நீ பொண்ணாம்! போ, போய் வேலையைப் பாரு."

வாழ்நாள் முழுக்க ஒருவர் வாயிலிருந்து இதைக் கேட்கத்தானே அலைந்தேன். இன்று கிடைத்தது, ஆனால் எதற்கும் உதவவில்லையே. அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதையும் காதல் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

மார்ச் 25, செவ்வாய்

அவள் முகவரியைத் தையல்காரரிடம் வாங்கிப் போனேன். மூன்றாவது மாடி, நீலக் கதவு. சங்கிலியைக் கழற்றாமல் ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் யார் என்பதை, முதலாளியிடம் அவளைக் கைகாட்டியதை, அவர் என்னை நம்பாததை.

"முடிஞ்சுதா?" என்றாள். "அந்த வரியைச் சொல்றப்ப நீ சிரிப்பே. நான் பார்த்திருக்கேன். இவனுக்கு அப்படி என்ன சந்தோஷம்னு மூணு வருஷமா எனக்குப் புரியல. இப்பப் புரியுது. உனக்கு அது வேணும், சரி. ஆனா அவங்க கேட்டப்ப என்னை எடுத்துக் குடுத்தியே, எப்படி மனசு வந்துச்சு?"

"பயந்துட்டேன்."

"நானும்தான் பயந்தேன். நான் உன் பேரைச் சொல்லலியே."

"உன்கிட்டயும் கேட்டாரா?"

"எல்லார்கிட்டயும்தானே கேட்டார். யார் மேலயும் சந்தேகம் இல்லைன்னு சொன்னேன்."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே சங்கிலி ஆடும் சத்தம் ஓய்கிற வரை அங்கேயே நின்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒலிபெருக்கியும் விளக்கும் வாடகைக்கு விடும் கடையில் வேலை, ஐந்து மாதமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு சின்ன அரங்கில் வேடம் போடுகிறேன். அங்கே எல்லோரும் எங்களைப் போன்றவர்கள்தான். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன்.

அவள் பெரிய கடைவீதிக் கடை ஒன்றில் அழகுப் பொருள் கவுண்டரில் இருப்பதாகத் தையல்காரர் சொல்லியிருந்தார். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். இன்று உள்ளே போனேன். கண்ணுக்கு மை தேவைப்பட்டது, அது பொய்யில்லை.

சீருடை, கொண்டை, சட்டையில் பெயர்ப் பட்டை. பட்டையில் மயில் இல்லை, வேறு ஒரு நல்ல பெயர். பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் அவள் தோளில் சாய்ந்து எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் இறுகியது.

"என்ன பார்க்கிறீங்க, சார்? வீட்டம்மாவுக்கா?"

"ஆமாங்க, மேடம்."

புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். "இது வேர்வையில கரையாது. விளக்கு வெளிச்சத்துலயும் நல்லா நிக்கும்." குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. எல்லோருக்கும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் ஆறு மாதமாக வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்திருந்தேன். அங்கே கேட்டால், எதற்கு என்று அந்த இரண்டு பெண்களும் கேட்பார்கள். பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வாசலில் மேற்பார்வையாளர் நிறுத்தினார். "சார், ஒரு நிமிஷம். அந்தப் பொண்ணையே ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னீங்களே. புதுசா சேர்ந்த பொண்ணு. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"தெரியாதுங்க" என்றேன். "நல்ல பொண்ணா இருக்காங்க. பொறுமையா எடுத்துச் சொன்னாங்க."