லேபிள் சுரண்டிய ஸ்பீக்கர்

என் அருமை அழுத்தக்கார நைனாவுக்கு,

உன் பொட்டி போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பேன். உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்றுமில்லை, ஸ்பீக்கர்தான் போய்விட்டது. தென்னேரியில் ஒரு காதுகுத்து. நீ போய் வருஷம் திரும்பிய பிறகு நம் கச்சேரிக் குழு ஏறிய முதல் மேடை. உன் கிடாரை நான்தான் வாசித்தேன். இரண்டாவது பாட்டிலேயே பொட்டி கரகரவென்று இருமிவிட்டுப் புஸ்ஸென்று அடங்கிவிட்டது. அதே நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுததால் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. மேடையில் நான் மட்டும் சத்தமே வராத கிடாரை மீட்டிக்கொண்டு நின்றேன்.

சரி, ஸ்பீக்கர்தானே, மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அம்மா ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். நீ போனதிலிருந்து வாசலைத் தாண்டாதவள், மாகறல் கோயில் திருவிழாக் கச்சேரிக்கு வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். "அவுரு பொட்டிச் சத்தத்த ஒரு வாட்டி கேக்கணும்டீ" என்றாள். கேட்கலாம்மா என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தச் சத்தத்துக்கு நான் எங்கே போவது?

உன் குரலைக்கூட யாரும் ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கவில்லை நைனா. போனில் இருக்கிற கச்சேரி வீடியோ எல்லாவற்றிலும் டிரம்ஸ் சத்தம்தான் கேட்கிறது. உன்னுடையது என்று காதில் விழ மிச்சமிருந்தது அந்தப் பொட்டி ஒன்றுதான்.

பின்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தோம். கூட நின்றது நம் கீபோர்டு மணி மாமா. என்ன கம்பெனி, என்ன நம்பர் என்று பார்க்க அதன் முதுகிலிருக்கிற காந்தத்தைத் திருப்பினால், லேபிள் இருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி வைத்திருக்கிறாய். சுரண்டியதும் போதாதென்று மேலே கறுப்பு பெயின்ட் வேறு.

"இது யாரு மாமா பண்ண வேல?"

"உங்கப்பாருதாம்மா. மேடைக்குப் பின்னால எவனாச்சும் வந்து எட்டிப் பாப்பான்ல? இன்னா ஸ்பீக்கர்னு தெரிஞ்சா அடுத்த வாரம் அவனும் அதையே மாட்டிக்கினு வந்து நிப்பான். கச்சேரிக்காரங்க பாதிப் பேரு இப்படித்தான். முக்கியமா வாலாஜாபாத்ல கிடாரு வாசிக்கிற அந்தத் தேவராஜுக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்தாரு."

"உங்கிட்டயாச்சும் சொன்னாரா?"

"எத்தினியோ வாட்டி கேட்டேம்மா. சிரிப்பாரு. அவ்ளோதான்."

மாமா இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்தக் காந்தத்தாலேயே யார் மண்டையிலாவது போட வேண்டும்போல் இருந்தது. தேவராஜுக்குத் தெரியக் கூடாது, சரி. பெற்ற மகளுக்குமா?

காஞ்சிபுரத்தில் ஸ்பீக்கருக்குக் காகிதக் கோன் மாற்றித் தருகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் சொல்லும்மா. நம்பர் இல்லாம எந்தக் கோன போடறது? ஏதோ ஒண்ணப் போட்டா ஏதோ ஒரு சத்தம் வரும், பரவால்லியா?" என்றார். பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்?

அப்புறம் மைக் செட் குமார் வந்தான். அவனுக்கு எல்லாமே வாட்ஸ்தான். "அக்கா, ஐநூறு வாட்ஸ் ஊஃபர் ஒண்ணு சும்மா கெடக்குது. மாட்டுனா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரிக்கும் கேக்கும்" என்று சொல்லி அவனே மாட்டியும் விட்டான். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை. உன் பொட்டி முப்பது வாட்ஸ். அந்த ஊஃபரின் கனத்த கோனைத் தள்ளவே அதற்கு மூச்சு முட்டியது. வந்த கொஞ்சம் சத்தமும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. குமார் தலையைச் சொறிந்துவிட்டு, "பொட்டிதான் வீக்கு அக்கா" என்றான். உன் பொட்டியைச் சொன்னதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் டீ குடிக்காமலே போனான்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு இன்ச் அகலம், எட்டு ஓம் மின்தடை என்பது மட்டும் தெரியும். ஓம் கணக்கு பொட்டியின் பின்பலகையில் அச்சடித்திருந்தது, அதைச் சுரண்ட நீ மறந்துவிட்டாய். புண்ணியம்! கிடாருக்கென்றே செய்கிற ஸ்பீக்கர் தனி ஜாதி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பாட்டுக்கு வைக்கிற ஸ்பீக்கர் எல்லாச் சத்தத்தையும் அப்படியே தர வேண்டும். கிடார் ஸ்பீக்கரோ உச்சியில் கீச்சிடுகிற சத்தத்தைத் தானே விழுங்கிவிட வேண்டும். அந்தத் தனி ஜாதியிலும் எத்தனை ரகம்! ஒன்று வெதுவெதுப்பான சத்தமாம், இன்னொன்று பளபளப்பாம், மற்றொன்றுக்கு நடுவில் சதைப்பற்று அதிகமாம். சத்தத்தைப் பற்றிச் சொல்கிறார்களா, கத்திரிக்காயைப் பற்றியா?

சரி, காதாலேயே கேட்டுப் பார்க்கலாம் என்று வீடியோ ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாமே என் போனில் இருக்கிற கடுகளவு ஸ்பீக்கர் வழியாகத்தானே வந்தாக வேண்டும் என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அது அவுருது இல்ல" என்பாள். அடுத்ததைப் போட்டால், "அதுவும் இல்ல."

"எப்டி இருக்கும்னு நீயாச்சும் சொல்லேம்மா."

"எப்டின்னா? அவுரு வாசிச்சா மாதிரிதான் இருக்கும்."

இவளை வைத்துக்கொண்டு நான் என்ன ஸ்பீக்கர் வாங்க?

வேறு வழியில்லாமல் நான் செய்ததைக் கேட்டால் நீ எழுந்து வந்துவிடுவாய். வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறித் தேவராஜிடமே போனேன். இத்தனை வருஷம் உன்னை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், கட்டாயம் கண்டுபிடித்து வைத்திருப்பார் என்று ஒரு கணக்கு. உன் ஸ்பீக்கரை அவர் முன்னால் வைத்ததும் அந்தச் சுரண்டலை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் ஒரு பழைய ஸ்பீக்கரைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தார். கோன் கிழிந்து தொங்கியது. காந்தத்தில் அதே சுரண்டல், அதே கறுப்பு பெயின்ட்.

"ஒரே கடை, ஒரே நாளு" என்றார். "நானும் உங்கப்பனும் ஒண்ணாத்தான் மெட்ராஸ் போய் வாங்கினோம். அப்ப ரெண்டு பேரும் ஒரே ட்ரூப்பு. தனித்தனியா பூட்டதெல்லாம் அப்புறம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்! இன்னா ஸ்பீக்கர் இது?"

அவர் சிரித்தார். "பேரு இருந்தாத்தானேம்மா சொல்றதுக்கு? கடைக்காரனே கோன் ஒட்டி, அவன் கடைப் பேரையே லேபிளா ஒட்டி வித்தான். நாங்க ஊர்ல வந்து ஃபாரின் சரக்குன்னு அளந்துட்டோம். அப்புறம் அந்த லேபிள வெச்சிக்கினு மேடையேற முடியுமா? அதான் ரெண்டு பேரும் உக்காந்து சொரண்டிட்டோம். அந்தக் கடையும் இப்ப இல்ல, அவனும் இல்ல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை நைனா. எவனோ காப்பியடித்துவிடுவான் என்று மணி மாமா இத்தனை காலம் காவல் காத்தது இதைத்தானா?

தேவராஜ் இன்னொன்றும் சொன்னார். "என்னுது மொதல்லயே கிழிஞ்சிடுச்சி. வேற எது போட்டாலும் சரியா வர்ல. பேஜாராப் பூடுச்சி. ரோஷத்த வுட்டுட்டு உங்கப்பங்கிட்டயே வந்து கேட்டேன், இனிமே எத வாங்கினா இந்தச் சத்தம் வரும்னு. அவனுக்கும் தெரியாதுன்னு இப்பத்தான் புரியுது. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? சிரிச்சான்மா. அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, மறைக்கிறான்னு நெனச்சிக்கினு வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் பேச்சே நின்னுபோச்சி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபம் ஸ்பீக்கரைப் பற்றியதில்லை. அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். கடைசி மாதங்களில் நடுநடுவே நெஞ்சைத் தடவிக்கொள்வாய். என்ன நைனா என்று கேட்டால் அதே சிரிப்பு. நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஊரில் யார் யாருக்கோ ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன், யார் யாரையோ ஈசிஜி எடுக்கப் படுக்கவைக்கிறேன். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டேனா? உன் வலியையும் சுரண்டிவிட்டுக் கறுப்பு பெயின்ட் அடித்துத்தான் வைத்திருந்தாயா? உன் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை நைனா. ஆறும் என்றும் தோன்றவில்லை.

அந்த வாரமே பொட்டியையும் கிடாரையும் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டு, பொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன், ஆம்ப்ளிஃபையரைத் தவிர அது உண்மைதானே. அங்கே ஒரு கிடார்க் கடையில் இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டி வாசிக்க விட்டார்கள். உன் சத்தத்தைத் தேடுவதில் அர்த்தமில்லை என்று ஆகிவிட்டதால், என் விரலுக்கு எது ஒத்துவருகிறது என்று மட்டும் பார்த்தேன். ஒன்று கம்பீரமாக இருந்தது, ஆனால் நான் எதை வாசித்தாலும் அதே கம்பீரம்தான் வந்தது. மற்றதில் மெதுவாகத் தொட்டால் மெதுவாகக் கேட்டது. அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாகறலில் கச்சேரி நல்லபடியாக நடந்தது. அம்மா முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்கிற டீச்சர்போல உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவுரு சத்தம் இல்ல" என்றாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆனா இதுல நீ தப்பு வுட்டா தெரியுதுடீ. அவுரு பொட்டில எல்லாம் அமுங்கிப் பூடும். அவுரு எத்தினி தப்பு வுட்டாரோ, யாரு கண்டா" என்றாள். நானும் அவளும் சேர்ந்து சிரித்தோம். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மேடைக்குப் பின்னாலிருந்து தேவராஜ் வந்தார். வந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. "நல்லா கீதும்மா. இன்னா ஸ்பீக்கர் போட்ட?" என்றார்.

நம்ப மாட்டாய், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன் சிரிப்பு. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன், ஒரு நொடிதான். பிறகு கம்பெனி, நம்பர், ஓம், கடை இருக்கிற தெரு எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டேன். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேடைக்குக் கூட்டிப்போய்ப் பொட்டியைத் திருப்பியும் வைத்தேன். அவர் படம் எடுக்கவில்லை. பொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கேட்டதும் சொல்லிட்டியே" என்றார்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவள், செய்யாற்றுப் பாலம் வந்ததும் என் தோளைத் தட்டினாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்டீ. கொஞ்ச நாளாவே மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. எடது கை மரத்துப் போவுது. நீ ஏற்கெனவே அலைஞ்சிக்கினு கீறன்னுதான் சொல்லல."

வண்டியைப் பாலத்து ஓரமாக நிறுத்திவிட்டு அவளைத் திட்டினேன். உன்னைத் திட்ட வைத்திருந்ததையும் சேர்த்து அவளையே திட்டித் தீர்த்தேன். பாவம், கேட்டுக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் நானே அவளுக்கு ஈசிஜி எடுத்தேன். நெஞ்சில் ஒட்டுகிற ஒயர்களை நான் இடம் மாற்றி ஒட்டிவிட, கூட வேலை பார்க்கிற பெண் வந்து சரிசெய்தாள். டாக்டர் பார்த்துவிட்டு உடனே காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார். இதயக் குழாயில் அடைப்பு இருந்தது. நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார்கள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், உப்பைக் குறைத்ததற்கு என்னோடு தினம் சண்டை போடுகிறாள்.

உனக்குச் செய்ய முடியாததை அவளுக்குச் செய்வேன் நைனா, இது சத்தியம். அவளுக்காக வழி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை.

கோபம் தீராத,
உன் மூத்த மக.