கதவோரம் இருமியவள்

மதினி,

இன்று பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண் என் கணக்கு நோட்டை வாங்கிப் பிரித்தாள். பிரித்ததும் மூக்கைச் சுளித்தாள். "ஏன்டி, ஒன் நோட்டுல கொள்ளு அவிச்ச வாசம் அடிக்குது?" என்றாள். நானும் முகர்ந்து பார்த்தேன். அடிக்கத்தான் செய்தது. கொள்ளு வேகும் அடுப்புக்கு முன்னால் மடியில் வைத்து எழுதிய நோட்டு அது. பாதிப் பக்கம் எழுத்து, மீதிப் பக்கம் நான் கண்ணசந்தபோது பேனா இழுத்த கோடு. அவளுக்கு அது குதிரைத் தீனி வாசம். எனக்கு உங்கள் முந்தானை வாசம். அதற்குப் பிறகு கணக்கு மண்டையில் ஏறவில்லை.

நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உங்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. உட்கார்ந்து எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை.

பாலசமுத்திரத்திலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்தபோது, உங்களோடு சிட்டுவும் வந்தது. உங்கள் அப்பா பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். பாத்திரம் வரும், கட்டில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, வாசலில் செவலைக் குதிரை நிற்பதைப் பார்த்துவிட்டு, "இத எந்தப் பரண்ல ஏத்தி வைக்க?" என்று கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அண்ணன் பூட்டுப் பட்டறை வேலையை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் வண்டி கட்டினான். அவனுக்கு லகான் பிடிக்கத்தான் தெரியும். மற்றதெல்லாம் உங்கள் தலையில்.

வீட்டில் ஏற்கெனவே ஏழு செம்மறி, இரண்டு நாய், ஒரு பூனை. அதுவரை பள்ளிக்குப் போகுமுன் அவற்றைப் பார்ப்பது என் வேலை. நீங்கள் வந்த மூன்றாம் நாளே என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டீர்கள். "நீங்க படிங்க அம்மிணி. இதுக என்ன, பரீட்சையா வெக்கப் போகுதுக?" என்றீர்கள். கிடையில் ஆடுகளை விலக்கும்போதுகூட, "ஏனுங்க, சித்த தள்ளி நில்லுங்க" என்பீர்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "ஆட்டுக்கு 'ங்க' போடுறா. நாளைக்குப் பூனைக்கு எல விரிச்சுப் பந்தி வைப்பா" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். பூனைக்குச் சோறு வைக்கும்போது உண்மையாகவே ஒரு பூவரச இலையில் வைத்தீர்கள்.

விடிகாலையில் நீங்கள் சிட்டுவுக்குத் தண்ணீர் காட்டியதை நான் முதன்முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? வாளியை வைத்தும் அது குனியவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நீங்கள் குதிரைக் கொட்டத்துக் கதவை எட்டிப் பார்த்தீர்கள். நான் மட்டும்தான் நின்றேன். கீழுதட்டை உள்ளே மடித்து மெதுவாகச் சீட்டி அடித்தீர்கள். இரண்டு இழுப்பு. இரண்டாவது கொஞ்சம் ஏறி நிற்கும். சிட்டு குனிந்து குடிக்கத் தொடங்கியது. நீங்கள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

"குட்டியில இருந்தே எங்கய்யன் இப்படிப் பழக்கிப் போட்டாருங்க. அத்தைக்குத் தெரிஞ்சா என்னையும் வண்டியில பூட்டிருவாங்க" என்றீர்கள்.

எனக்கும் தெரியும். பெண்பிள்ளை சீட்டி அடித்தால் வீடு விளங்காது என்பது அம்மாவின் தீர்மானம். அன்றே நமக்குள் ஓர் ஏற்பாடு ஆனது. நான் கதவோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்தால் இருமவேண்டும். நீங்கள் சீட்டியை நிறுத்திவிட்டுக் குதிரையின் பிடரியைத் தேய்ப்பீர்கள். நான் உங்களுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று அம்மா நினைத்தாள். அந்த வாசற்படியில்தான் ஒன்பதாம் வகுப்புப் பாடம் முழுவதையும் படித்தேன், நூலகத்திலிருந்து கொண்டுவந்த கதைகளையும். பூனை என் காலடியில் கிடக்கும். ஒருநாள் அம்மா, "குதிரக் கொட்டத்துக்குப் போனா மட்டும் இந்தப் பிள்ளைக்கு எங்குட்டிருந்துதான் இருமல் வருதோ" என்று கசாயம் வைத்துக் கொடுத்தாள். நீங்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, உங்களுக்காக அவ்வளவு கசப்பையும் குடித்தேன்.

பிறகு சிட்டு குட்டி போட்டது. அதற்கு நாலு மாதம் ஆனபோது உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள். அதில் பதினோரு நாள் காய்ச்சலோடே எழுந்து வந்து நீங்களே சிட்டுவுக்குத் தண்ணீர் காட்டினீர்கள், கடைசி நாள்தான் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டே விஷயம் சொன்னீர்கள். "சிட்டுவப் பாத்துக்கங்க அம்மிணி." கொஞ்ச நேரம் கழித்து, "சீட்டி அடிச்சத மட்டும் யாருகிட்டயும் சொல்லிப் போடாதீங்க." சரி என்று தலையாட்டினேன். இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் போன மறுநாள் காலையிலேயே முட்டியது. அண்ணன் வாளியை வைத்தான். சிட்டு குனியவில்லை. வெல்லம் கரைத்துப் பார்த்தோம். தவிட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தோம். நாக்கை நனைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் சாணி காய்ந்து உருண்டை உருண்டையாக விழுந்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. வண்டி ஸ்டாண்டில் யாரோ யோசனை சொன்னார்களாம். அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து டெண்டு சினிமாக் கொட்டகைச் சீட்டி ஒன்று அடித்தான். சிட்டு மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. "போதும்டா அப்பு, எழவு வீட்டுல இது வேறயா" என்று அம்மா அதட்டினாள்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து வயிற்றில் காது வைத்துக் கேட்டார். "கொடல் காஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு நாள் குடிக்காம இருந்தா வயித்துவலியில விழுந்துரும். விழுந்தா எந்திரிக்காது" என்றார். ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குட்டியோடு சேர்த்துத் திங்கட்கிழமை ஓட்டிப்போவதாகச் சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை. "சாகுறதக் கண்ணால பாக்கணுமா" என்றான்.

எனக்குத்தான் விடை தெரியும். ஆனால் வாய் திறக்க முடியவில்லை. துக்கம் கேட்க வந்த சித்தி அதற்குள் "அவ கால் வச்ச நேரம் சரியில்ல" என்று தொடங்கியிருந்தாள். நீங்கள் தினமும் கொட்டத்தில் சீட்டி அடித்தீர்கள் என்று சொன்னால், நம் வீட்டில் அப்புறம் உங்கள் பெயரை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வந்தபிறகு செத்துப்போன ஆட்டிலிருந்து உங்கள் காய்ச்சல்வரை எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாகிவிடும். நீங்கள் வந்து பதில் சொல்லவும் முடியாது.

நானே அடிப்பது ஒன்றுதான் வழி. எனக்கோ இருமத்தான் தெரியும். பள்ளிக்குப் போகும் வழியில் குளத்தங்கரையில் நின்று ஊதிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. வகுப்பில் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஊதினேன். உதடு வெடித்தது. இரண்டு வருஷம் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் உங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லையே, புத்தகத்தைத்தானே பார்த்தேன் என்று அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதுதான் அந்தக் கீழுதடு மடிந்தது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வாளியை வைத்துவிட்டு அடித்தேன். முதல் இழுப்பு பாதியில் செத்தது. இரண்டாவது ஏறவில்லை, ஆடியது. சிட்டு காதை மட்டும் திருப்பியது. மறுபடி அடித்தேன். அது கழுத்தை நீட்டி என் வாயை முகர்ந்து பார்த்தது. பிறகு குனிந்தது. தண்ணீர் அதன் தொண்டையில் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, மூச்சு முட்டும்வரை அடித்தேன். வாளி காலியானதும் திரும்பினால், கதவில் அம்மா.

"யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது? அவளா?"

"இல்லம்மா. புஸ்தகத்துல போட்டிருந்துச்சு."

"சீட்டி அடிக்கச் சொல்லியா?"

"குதிரைக்கு இப்படித்தான் தண்ணி காட்டணுமாம்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காலி வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன புஸ்தகமோ. ஆட்டுக்கு ஒண்ணும் போடலியா அதுல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வந்த வியாபாரியை அண்ணன் வெறுங்கையோடு அனுப்பினான்.

அன்றிலிருந்து கொட்டம் என்னுடையது. கோழி கூவும் நேரத்தில் எழுந்திருக்கிறேன். லாயத்துச் சாணி, கிடைப் புழுக்கை. ஈரத்தில் நின்று குளம்பு புண்ணான ஆட்டுக்கு வேப்பெண்ணெய். நாய்களுக்குக் கேப்பைக் கூழ், ஞாயிறானால் உண்ணி பிடுங்கல். பூனைக்கு இலை போடுவதில்லை, கொட்டாங்குச்சிதான். சாயங்காலம் வண்டி வந்ததும் சிட்டுவின் நெஞ்சில் கை வைத்துச் சூடு ஆறியபிறகே தண்ணீர். நீங்கள் செய்வதைப் பார்த்தபோது இதெல்லாம் இம்புட்டு கனமாக இருக்கும் என்று தெரியவில்லை. வகுப்பில் மூன்றாம் பாடவேளைக்கு மேல் கண் நிற்பதில்லை. இந்த வருஷம் பதினோராம் வகுப்பு. எப்படியாவது தேறிவிடுவேன் என்று நினைக்கிறேன். முன்பு போல முதலாவதாக இல்லை.

சொல்ல வந்தது இதுதான். தெருவில் எல்லோரும் நான் புத்தகம் படித்துக் குதிரையைப் பிழைக்கவைத்தேன் என்கிறார்கள். ஸ்டாண்டுக்காரர் ஒருவர் அந்தப் புத்தகத்தின் பெயரைக்கூடக் கேட்டார். பழையது, கிழிந்துவிட்டது என்றேன். உங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய்தான். ஆனால் அதில் உங்களுக்கென்று ஒன்றுமே மிச்சமில்லாமல் போய்விட்டது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, மதினி. இந்தத் தாளில்தான் முதன்முதலாக எழுதப்படுகிறது.

இன்று காலை பனிக்கு, சீட்டியின் நடுவில் எனக்கு இருமல் வந்துவிட்டது. சிட்டு உடனே வாளியிலிருந்து முகத்தைத் தூக்கியது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட, கதவையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. நான் இருமினால் நீங்கள் நிறுத்துவீர்கள், வந்தவர் போனதும் மறுபடி தொடங்குவீர்கள் என்று அதற்குத் தெரியும். நானும் அதன் பக்கத்தில் நின்று, அது பார்த்த பக்கமே பார்த்தேன். யாரும் வரவுமில்லை, போகவுமில்லை. பிறகு, பள்ளிக்கு நேரமாகிவிட்டதால், கீழுதட்டை மடித்துக்கொண்டேன்.