பத்துக்குப் பத்து வாங்கிய கட்டுரை

செப்டம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லாரும் நலம்தானே? ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறாய், அக்காவுக்கு நாலு வரி எழுத மட்டும் கண் தெரிவதில்லை. போகட்டும்.

பதினோராம் வகுப்புக்கு அந்தப் பழைய நாவலை நடத்துகிறேன். வெள்ளத்தில் ஒரு மேட்டில் மாட்டிக்கொண்ட படித்த மனிதர்கள் மிருகங்களுக்குப் பயந்து வேலி போடுகிறார்கள். பிறகு தங்களில் ஒருவனையே வெளியே தள்ளி வேடிக்கை பார்க்கிறார்கள். மிருகம் வேலிக்கு உள்ளேதான் இருந்தது என்று முடியும். "வேலி எதன் குறியீடு? பெயர் போடாமல் எழுதுங்கள்" என்றேன். பெயர் இல்லாவிட்டால்தான் பிள்ளைகள் மனசில் இருப்பதை எழுதும். இது என் வழக்கம்.

ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்கள் வேலி, விடுதியில் துணி காயப்போடும் அறையின் கதவு. தினமும் நாலு மணிக்கு ஒருத்தியை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுகிறோம். அவள் அழ அழ, வெளியே சிரிப்பு." அடேயப்பா, என்ன கற்பனை! பத்துக்குப் பத்து போட்டு, வகுப்பில் வாசித்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். கையெழுத்து நம் குட்டியுடையது மாதிரி இருந்தது. அவளோ தலையே நிமிரவில்லை. உன் மகளுக்கு உன் கூச்சம் அப்படியே!

அக்கா

செப்டம்பர் 26

அக்கா,

கற்பனையாம் கற்பனை! லீவுக்கு வந்திருக்கும் குட்டி, குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழ் போடுவதில்லை. நேற்று அவள் அம்மா கொல்லைக் கதவைத் தாழிட்ட சத்தத்தில் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்லப்பா." என் பெண்ணைத்தான் உள்ளே தள்ளுகிறார்கள். அவள் கதறி எழுதியதற்கு நீ மார்க் போட்டிருக்கிறாய்.

உண்மையைச் சொல். உனக்கு முன்னமே தெரியுமா? தலைமையாசிரியை உன் சிநேகிதி. பள்ளிக்கூடத்துப் பேர் கெடக் கூடாது என்று மூடி மறைக்கிறாயா? யார் அந்தப் பிள்ளைகள்? பேரை மட்டும் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

அக்டோபர் 10

தம்பி,

என்னைச் சந்தேகப்பட உனக்கு எப்படி மனசு வந்தது? படித்துவிட்டு அழுதேன். பிறகு எனக்கே சந்தேகம் புகுந்துவிட்டது. வார்டனைக் கேட்டேன். "அப்படியெல்லாம் இங்க எதுவும் நடக்கலீங்க டீச்சர்" என்று அவசர அவசரமாகச் சொன்னாள். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று நாலு மணிக்கு நானே விடுதி மாடியில் அந்தத் துணி அறைக்குப் போனேன்.

உள்ளே இருந்தது குட்டி இல்லை. இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒல்லிப் பெண், ஈரத் துணிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள். வெளியே நின்றவர்கள் ஐந்து பேர். நாலு பேர் என்னைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றது நம் குட்டி. முன்பெல்லாம் அரைமணி நேரம்தான் அடைப்பார்களாம்; நான் கைதட்டச் சொன்ன நாளிலிருந்து அது ஒரு மணி நேரமாகியிருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள், தம்பி. எந்த மூஞ்சியோடு இனிப் பாடம் நடத்துவேன்?

அந்தப் பெண்ணை வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் குட்டியை அனுப்பிவிடுவார்கள். இதைக் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா

அக்டோபர் 17

அக்காவுக்கு,

நீ பொய் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் உன்னிடம் சொல்லாமல் வந்து, விடுதி வாசலில் குட்டியைப் பார்த்தேன். "அத்தை எழுதினது நிசமா?" என்றேன்.

"நான் வேணாம்னு சொன்னா அடுத்து என்னைத் தள்ளுவாங்கப்பா. அதான் எழுதினேன். அத்தை படிச்சா வந்து நிறுத்திடுவாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

அடிக்கக் கை ஓங்கினேன், முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை நாளும் யார் பெற்ற பிள்ளைகளையோ நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனே.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. திங்கட்கிழமை குட்டியைத் தலைமையாசிரியை முன்னால் நிறுத்துகிறேன். அவளே சொல்லட்டும். அனுப்பினால் அனுப்பட்டும். நீயும் பக்கத்தில் நின்று உன் பங்கைச் சொல். சொல்லாவிட்டால் நமக்குள் பேச்சு இல்லை.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நேற்றே எழுதிவிட்டேன்.

உன் தம்பி