சூடம் அணைத்த கை

பிப்ரவரி 6, 2024
புதுப் புளி வரத்து. ஒரு சுளையை நாக்கில் வைத்ததுமே பழைய சரக்கு கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தரகருக்கு முகமே செத்துப்போனது.
பெண்டாட்டி சீனியம்மாளுக்கு மேலண்ணத்தில் கட்டி. போன வருசமே சொன்னாள். உடம்புச் சூடுதான், வெந்தயம் தின்னு என்றேன்.

பிப்ரவரி 12
பல் டாக்டரம்மா கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். புற்றாக இருக்கலாமாம். "புகையிலை போடுவாங்களா?" என்று கேட்டார். இவள் இல்லையென்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பீரோ, அரிசி டப்பா, சேலை மடிப்பு எல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை. அம்புட்டு நல்லா ஒளிக்கிறாள்.

பிப்ரவரி 14
அலங்காநல்லூரிலிருந்து அவள் அண்ணன் பேயாண்டி வந்தார். அவர் முன்னாலேயே கேட்டேன்.
"போட்டதே இல்லைங்க."
"அப்ப சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு."
ஒரு தட்டு தட்டி அணைப்பாள் என்று நினைத்தேன். உள்ளங்கையை அப்படியே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.
"புளியை நக்கியே ஊரைச் சொல்றவரு. பொண்டாட்டியத் தெரியலையே மாப்ள" என்றார் பேயாண்டி.
எனக்குக் கோபம்தான் வந்தது.

பிப்ரவரி 22
ரிசல்ட். அண்ணத்தில் உள்ள சின்ன எச்சில் சுரப்பியில் வருகிற புற்று. ரொம்ப அபூர்வமாம். "புகையிலையால வர்ற வகை இல்லைங்க இது" என்றார் பெரிய டாக்டர். அவள் என்னைப் பார்க்கவில்லை. மருந்து தடவிய கை மடியில்.

பிப்ரவரி 23
கடைக்குப் போகலை. என்ன மனுசன்டா நீ?

மார்ச் 27
ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. அண்ணத்தில் பாதி இல்லை. ஓட்டையை அடைக்க, பல்செட் மாதிரி மாட்டுகிற ஒரு தட்டு. அது இல்லாவிட்டால் தண்ணீர் மூக்கில் வரும், பேச்சு புரியாது. சாப்பிட்டதும் கழற்றிக் கழுவணும். கதவைச் சாத்திக்கொண்டுதான் கழற்றுகிறாள்.
"நான் கழுவித் தரட்டா?"
"வேணாம். எதையாச்சும் தேடுவீக."

மே 30
ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கதிர்வீச்சுக் கரண்டு வைத்து முடிந்தது. வாயெல்லாம் புண். கஞ்சிகூட எரிகிறது. புளி வாடை ஆகவில்லை அவளுக்கு. சட்டையை வாசலிலேயே கழற்றிவிடுகிறேன்.

ஜூன் 16
அலங்காநல்லூர் போனேன். பொயிலையால்தான் வந்தது என்று அவள் சொந்தமெல்லாம் பேசுகிறதே — போனில் கிளப்பிவிட்டவன் நான். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அவ தொட்டதில்லை. தப்பு என்னுது."
பேயாண்டி கேட்டார்: "இதை அவகிட்டச் சொன்னீகளா மாப்ள?"
சொல்லலையே.

ஜூன் 17
சொன்னேன். கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு, தட்டைக் கழற்ற உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 29
ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. வருசக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கணுமாம்.
மத்தியானம் சாப்பிட்டதும் அவள் எழுந்து போகவில்லை. என் முன்னாலேயே தட்டைக் கழற்றி நீட்டினாள். உள்ளங்கையில் அந்தத் தழும்பு. ஏதோ சொன்னாள், மூக்கோடு போய்விட்டது. என்னவென்று கேட்கப் பயந்து, கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். மாட்டிக்கொண்டு மறுபடி சொன்னாள்:
"ஓரத்துல பருக்கை ஒட்டியிருக்கும், நல்லாத் தேய்ங்கன்னேன். தேய்ச்சீகளா?"
தேய்த்தேன்.