ஏற்காட்டில் நான் ஏறிய பஸ்

சாராள்,

கஞ்சி குக்கரில் இருக்கு. சூடு பண்ணிக் குடி. கதவு பூட்டியிருக்கு, சாவி பக்கத்து வீட்டு ஹெப்சிகிட்ட.

போன வாரம் ஏற்காட்டில், சுற்றிக்காட்டுற பஸ்ஸெல்லாம் ஏமாத்து வேலை, விசாரிச்சிட்டு வரேன்னு உன்னை ஏரிக்கரையில் பைகளோட உட்கார வச்சேன் இல்லையா? விசாரிக்கலை. சோதிச்சுப் பார்ப்போம்னு நானே ஏறிட்டேன். மூணு மணி நேரம் எல்லா இடமும் காட்டினான். நல்ல பஸ்தான். இறங்கி வந்து உன்கிட்ட, "எல்லாம் ஃபிராடு"ன்னேன். நீ நம்பிட்டே. "பாவம், உங்களுக்குத்தான் அலைச்சல்"னு டீ வாங்கிக் கொடுத்தே. முகத்தைப் பார்த்துச் சொல்ல வெக்கமா இருக்கு.

தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போறேன், சேலத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுக்க. அங்கிருந்து ஏற்காடு, இந்தத் தடவை நீயும் அந்த பஸ்ஸில். போனில் எடுக்கறதில் எனக்கு நம்பிக்கையில்லை. வரமாட்டேன்னா இப்பவே கூப்பிட்டுத் திட்டு.

ஆரோன்

இதையும் சொல்லிடறேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாத்தான் இருந்தது.