படம் எடுப்பவன் படத்தில் இல்லை

1914 ஜூன் 7, கோட்டிங்கன்
ஹெட்விக் ஆசிரியைத் தேர்வில் ஹனோவரிலேயே இரண்டாவது. லுட்கெருக்கு ரயில்வேயில் பித்தளைப் பொத்தான் வைத்த வேலை. என்னோடு தங்கிப் படிக்கும் வீலாண்டுக்குத் தத்துவ வகுப்பில் பேராசிரியருக்குப் பக்கத்து நாற்காலி. மூவரும் ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகள்.

ஜூன் 23
இன்று வீலாண்டின் வகுப்பில் முழு நேரமும் ஒரு மைக்கூட்டைப் பார்த்தார்களாம். அது நிஜமாக இருக்கிறதா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, தெரிவதை மட்டும் சொல்ல வேண்டுமாம்.

"அப்போ இந்த சூப்பும் இல்லையாடா?"

"இல்லன்னு சொல்லல பாட்டி. இருக்குன்னும் சொல்லல."

"ஆறிப் போகுது. அதையாவது சொல்லு."

சிரித்தான். "உலகத்தையே ஓரமா வச்சாலும், பாக்குற 'நான்' மிஞ்சும் பாட்டி. அத மட்டும் ஓரம் வைக்க முடியாது. ஆனா பாக்குற எதுலயும் அது தெரியாது."

எனக்குப் பாதி புரிந்தது. பக்கத்து வீட்டில் முழுதும் புரிந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 12
தோட்டத்தில் படம். வழக்கம்போல எடுத்தது வீலாண்ட்.

"நீயும் வந்து நில்லேன்" என்றாள் ஹெட்விக்.

"பாக்குறவன் படத்துல வர மாட்டான். என் ஆராய்ச்சியே அதான்."

"ஆராய்ச்சியாம். மூக்குக்கண்ணாடியோட படத்துல ஆந்தை மாதிரி தெரிவான், அந்த பயம்" என்றான் லுட்கெர்.

ஆகஸ்ட் 5
வகுப்பில் எல்லோரும் போருக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். வீலாண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்ததே.

நவம்பர் 20
வீலாண்டைக் 'காணவில்லை' என்று படையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். செத்தான் என்று இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை.

டிசம்பர் 3
காணாமல் போன சிப்பாய்களைத் தேடும் அலுவலகத்தில் அவன் படம் கேட்டார்கள். பெட்டியையே கவிழ்த்தேன். வளர்ந்த பிறகு ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவன் எடுத்தது. ஜூலைப் படத்தில் மட்டும் புல்மேல் ஒரு தலையின் நிழல். அதைக் கொண்டுபோனேன்.

"இதுல யாரும்மா உங்க பேரன்?"

"இவங்க எல்லாரையும் பாத்துக்கிட்டு நிக்கிறவன்."

"முகம் வேணுமேம்மா."

டிசம்பர் 24
அவன் சொன்னபடியே செய்கிறேன். இருக்கானா, செத்தானா — அந்தக் கேள்வியை ஓரமா வச்சுட்டேன். அவன் தட்டில் சூப் ஊற்றினேன். ஆறிப்போச்சு.
எல்லாத்தையும் ஓரம் வச்சா மிஞ்சுறது நீ இல்லையேடா. நான்ல மிஞ்சுறேன். இந்தக் கிழவி மிஞ்சி எதுக்கு?

1915 ஜனவரி 9
எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14
அவன் மூக்குக்கண்ணாடி வந்தது. கூடவே, எந்த ஊரில் புதைத்தார்கள் என்று ஒரு வரி. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல், பனி, சர்ச், எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

ஹெட்விக்குக் கடிதம் போட்டேன். புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கறுப்பு உடையிலேயே நில்லுங்கள். படக் கடைக்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல். நம் பிள்ளை யாரும் வெளியே நிற்க வேண்டாம்.