கோட்டை வாசலில் எறிந்த மண்

மல்வேர்ன், ரொறொன்ரோ
19.07.1987

அன்பு மகன் பத்மநாதனுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நான் சுகம், நீயும் அங்கே நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்பதே என் மன்றாட்டு. மூன்று கிழமையாக நீ போன் எடுக்கவில்லை. கோபமென்று தெரியும், ஆனாலும் இதை வாசித்து முடி.

லீவுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கு, வந்து பாருங்கோ என்று மட்டும்தானே சொன்னாய். செப்புச் சுரங்கப் படிப்புப் படிக்கிற பிள்ளை சுரங்கத்தில்தான் வேலை செய்கிறான் என்று நினைத்து, கால் வீங்க வீங்க பஸ்ஸில் அமெரிக்காவுக்கு வந்தேன். ரிக்கெற் எடுத்துத் தந்து, முன்னுக்கு நில்லுங்கோ அம்மா, ஒரு புதினம் காட்டுறன் என்றுவிட்டு எங்கேயோ ஓடினாய். உள்ளே போனால் அது ஒரு கோட்டை. நூற்றிநாற்பது வருசத்துக்கு முன் செம்பு தோண்ட வந்தவர்களுக்குக் காவலாக எல்லையில் ஆமியை வைத்திருந்த இடமாம், இப்போது சனம் விடுப்புப் பார்க்க வருகிறதாம். நீலச் சட்டையும் நெற்றியை மறைத்த தொப்பியுமாக ஏழு பேர் வரிசையாக வந்து வெறும் வெடி சுட்டார்கள். அந்தச் சத்தத்தோடு எனக்கு யாழ்ப்பாணக் கோட்டைதான் கண்ணுக்குள் நின்றது. போன வருசம் அங்கிருந்து ஆமி அடித்த ஷெல்லில்தானே உன் அக்கா அருள்மலரைச் சாக்கில் அள்ளிக் கட்டினோம். அந்த வாசலில் போய் மண் அள்ளி எறிந்து சபிக்க வேண்டுமென்று தவித்தேன், கிட்டப் போக விட்டார்களா? இங்கே குனிந்தேன், அள்ளினேன், மூன்று தரம் எறிந்தேன். உங்களைப் பெத்தவளின்ர வயிறு எரிய வேணும், ஒருத்தனும் மிஞ்சக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். நடுவில் நின்றவன் தொப்பியைக் கழற்றி முகத்து மண்ணைத் துடைத்தபோதுதான் அது நீ என்று கண்டேன்.

அது வேசம், அந்தக் கோட்டையில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை என்று பஸ் ஏற்றும்வரை சொன்னாய். நடந்தாலென்ன, நடக்காவிட்டாலென்ன? அக்காவைத் தின்றவர்களின் கோலத்தில் நிற்க உனக்கு எப்படி மனம் வந்தது?

வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய் ஐயரிடம் எல்லாம் சொன்னேன். ஒருத்தனுக்கு மட்டும் சாபத்தை விலக்கேலாது அம்மா, எல்லாரையும் மன்னிச்சுப்போட்டன் எண்டு சாமிக்கு முன்னால வாய்விட்டுச் சொல்லுங்கோ என்றார். உன் பெயரும் அத்த நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்தேன். மன்னித்தேன் என்ற சொல் மட்டும் வரவில்லை. அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர்கள் அழிய வேண்டும் தம்பி. உனக்காகக்கூட அதை என்னால் விட முடியாது. பெற்றவள் இப்படி எழுதலாமா என்று கேட்பாய், கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு. படிப்பைக் கவனி. பிள்ளையார் உன்னை நூறு வயதுவரை வைத்திருக்கட்டும். அந்த ஆமி உடுப்பை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன் எடு. காலையில் எழும்பியதும் அவர்களைத் திட்டாமல் நான் தேத்தண்ணீர் குடிப்பதில்லை. உன்மேல் பட்டுவிடுமோ என்று இந்த மூன்று கிழமையும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கனநாள் என்னால் முடியாது.

உன்மேல் உயிராயிருக்கும் அம்மா,
மங்கையற்கரசி